குரங்கு, முசு, ஊகம்

சூலக்கரையைச் சுற்றிக் கிடப்பது கரிசல். தொழிற்பேட்டை, நாற்கரச் சாலை, வேலிக்கருவை, அங்கங்கே ஒரு கண்மாய். மழை பெய்து வானம் வெளுத்த காலைகளில் மேற்கே நீலமாக ஒரு வரி தெரியும். அது மேற்குத் தொடர்ச்சி மலை. வைப்பாற்றுக்கும் அதில் சேரும் அர்ச்சுனா நதிக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் என்று வெளியூர்க்காரர்கள் அறிந்து வைத்திருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு இப்படி ஒரு மலைப்பக்கமும் உண்டு. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். அணிலுக்கும் புலிக்கும் பலகை இருக்கிறது. அதே காட்டில் மனிதச் சாயல் கொண்ட உயிர்கள் ஐந்து வகை இருக்கின்றன. அவற்றுக்கு மனிதர்கள் வைத்த பெயர்களின் கதை நீளமானது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த ஐந்து பேரையும் அறிமுகம் செய்துவிடலாம். மலையடிவாரக் கோயில்களில் பையைப் பிடுங்குவது நாட்டுக்குரங்கு. உச்சந்தலை மயிர் நடுவிலிருந்து நாலாபக்கமும் பிரிந்து தொப்பி வைத்தது போலப் படிந்திருக்கும். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. அடுத்தது சாம்பல் நிற உடலும் கரிய முகமும் கொண்ட மந்தி. நீண்ட வாலைத் தொங்கவிட்டுக் கிளையில் உட்கார்ந்திருக்கும். இன்னும் மேலே ஏறினால் கருங்குரங்கு. உடம்பெல்லாம் மினுங்கும் கறுப்பு, தலையில் மட்டும் செம்பழுப்பு. ஈரம் மாறாத சோலைகளில் சோலைமந்தி. முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். அதனால் சிங்கவால் குரங்கு என்றும் பெயர். ஐந்தாவது தேவாங்கு. இரவில் மட்டும் நடமாடுவது, வால் இல்லாதது, முகத்தில் பாதி கண்ணாக இருப்பது.

பேச்சுவழக்கில் தேவாங்கை விட்டுவிட்டு மற்ற நான்கையும் நாம் குரங்கு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நம் பழைய இலக்கணம் அப்படி முடிக்கவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், எந்த விலங்கின் ஆணை எப்படிச் சொல்வது, பெண்ணை எப்படிச் சொல்வது, இளையதை எப்படிச் சொல்வது என்று வகுக்கும் பகுதி. அதில் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்று தனித்தனியாக வருகின்றன. மூன்றுக்கும் பெண்பால் பெயர் மந்தி. முசுவின் ஆண் கலை. குரங்கின் ஆண் கடுவன். ஊகம் என்றால் கருங்குரங்கு என்று அகராதிகள் பொருள் சொல்கின்றன. முசு நீண்ட வாலும் கரிய முகமும் உடைய மந்தி இனம். குரங்கென்று சொல்லிக் கடந்துவிடாமல், உருவத்தையும் நிறத்தையும் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள்.

மரபியலில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இளமைப் பெயர்கள். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்களைப் பட்டியலிட்டுவிட்டு, எது எதற்கு உரியது என்று நூல் பங்கிடுகிறது. மனிதக் குழந்தைக்கு உரியவை இரண்டே இரண்டு: குழவி, மகவு. மற்றவை மனிதனுக்கு ஆகா. இனி குரங்கின் பங்கைப் பார்க்க வேண்டும். கிளையில் வாழும் குரங்கின் இளையதைக் குட்டி எனலாம், பறழ் எனலாம், பிள்ளை எனலாம், மகவு எனலாம். குரங்கு, முசு, ஊகம் ஆகிய மூன்றும் ஆராய்ந்து பார்த்தால் குழவி என்ற பெயருக்கும் உரியவை என்று தனியாக ஒரு நூற்பா சொல்கிறது. யானைக்கும் பசுவுக்கும் எருமைக்கும்கூடக் குழவி உண்டு. ஆனால் மனிதனுக்கென்று ஒதுக்கிய இரண்டு சொற்களும் ஒருசேரக் கிடைத்த இனம் என்று பார்த்தால் குரங்கு முன்னால் வந்து நிற்கிறது. தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்குகிற அந்தச் சின்ன உடம்பைப் பார்த்தவர்களுக்கு வேறு சொல் வாயில் வந்திருக்காது.

குறுந்தொகையில் கடுந்தோட் கரவீரன் பாடிய ஒரு பாட்டு உண்டு. ஆண்குரங்கு இறந்துவிடுகிறது. மந்தி, தொழில் கற்காத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. பாய்ந்து சாவது புலவரின் உலகம். குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைப்பது காட்டின் உலகம். மந்தி இனங்களில் பிறந்த குட்டியைத் தாய் ஒருத்தி மட்டும் சுமப்பதில்லை. கூட்டத்தின் மற்றப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொள்வார்கள், தாய் அந்த நேரத்தில் இலை தின்பாள். களத்தில் வேலை செய்யும் ஆய்வாளர்கள் இதைத் துணைத்தாய்மை என்று விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். குட்டியின் நிறம் பெரியவற்றின் நிறத்திலிருந்து மாறுபட்டிருப்பதும் இதற்கு உதவுகிறது என்று கருதுகிறார்கள். கருங்குரங்கின் குட்டி பிறந்த சில வாரங்களுக்குச் செம்பழுப்பாக இருக்கும். கறுப்புக் கூட்டத்தின் நடுவே அது யார் கையில் இருக்கிறது என்று உடனே தெரியும். ஐங்குறுநூற்றில் கபிலர் குரங்குகளுக்கென்றே ஒரு பத்துப் பாட்டு ஒதுக்கினார். பார்த்து எழுதியவர்கள் இவர்கள்.

அறிவியல் பெயரிடும் முறை பிறந்த ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே குரங்கு கிடையாது. ஜிப்ரால்டர் பாறையில் இருக்கும் கூட்டத்தைத் தவிரக் கண்டம் முழுவதும் காட்டுக்குரங்கு இல்லாத நிலம் அது. ஆகவே மனிதனைப் போன்ற உயிர் என்றால் அவர்களுக்கு முதலில் நினைவில் எழுந்தவை கிரேக்க, ரோமானியக் கதைகளின் பாதிமனிதர்கள். 1735-இல் சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் இயற்கை முழுவதையும் வகைப்படுத்தி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதில் மனிதன், குரங்கு, தென்னமெரிக்காவின் மரத்தூங்கி ஆகிய மூன்றையும் ஒரே அடைப்புக்குள் வைத்து அந்த வரிசைக்கு அந்த்ரோபோமார்ஃபா என்று தலைப்பிட்டார். அந்த்ரோபோஸ் என்றால் மனிதன், மார்ஃபே என்றால் உருவம். மனித உருவிகள். சொல் அவர் படைத்ததன்று. ஆங்கிலேயர் ஜான் ரே 1693-இலேயே கையாண்டிருந்தார். ஆனால் மனிதனையும் அதற்குள் உட்கார வைத்த துணிச்சல் லின்னேயஸுடையது. அந்தப் பக்கத்தில் மற்ற விலங்குகளுக்கெல்லாம் பல், விரல், மயிர் என்று அடையாளம் எழுதியவர், மனிதனுக்கு நேராக, உன்னை நீயே அறிந்துகொள் என்ற பழைய கிரேக்க அறிவுரையின் லத்தீன் வடிவத்தை மட்டும் எழுதி வைத்தார். 1747-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கையியலின் படி மனிதனையும் குரங்கையும் பிரிக்கும் ஓர் அடையாளத்தை யாராவது காட்டட்டும், எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை என்ற பொருளில் சொன்னார். மதவாதிகளின் கோபம் தன்மேல் விழும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

1758-இல் வந்த பத்தாம் பதிப்பில் அந்த்ரோபோமார்ஃபா என்ற தலைப்பை எடுத்துவிட்டு பிரைமேட்ஸ், அதாவது முதன்மையானவை, என்று மாற்றினார். உள்ளே வைத்த பெயர்களில்தான் அந்தப் பழைய பாதிமனிதர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். நம் சோலைமந்திக்கு அவர் இட்ட பெயர் சைலீனஸ். கிரேக்கக் கதையில் மதுக்கடவுளின் கூடவே திரியும் கிழட்டு வனதேவன் அவன். பின்னால் வந்த அறிஞர்கள் பேரினப்பெயரை மாற்றினார்கள். மக்காக்கா சைலீனஸ் என்று அது இன்றைக்கும் உலகப் பட்டியல்களில் இருக்கிறது. தேவாங்கை லெமூர் என்ற பெயரின்கீழ் வைத்தார். ரோமானியர்களுக்கு லெமூரஸ் என்றால் இரவில் அலையும் இறந்தவர்களின் ஆவி. இரவில் மெல்ல நகர்வதால் அப்படிப் பெயரிட்டேன் என்று காரணமும் சொன்னார். ஒராங்குட்டானுக்குப் பாதி ஆடும் பாதி மனிதனுமான சாட்டிர் என்னும் உருவத்தின் பெயர். அவர் வழியில் வந்தவர்கள் சிம்பன்சிக்கு ஆட்டுக்கால் கடவுளான பான் பெயரை வைத்தார்கள். நம் சாம்பல் மந்திக்குக்கூட 1844-இல் எட்வர்ட் பிளித் டிராய் நகர அரசன் பிரியாமின் பெயரை இட்டார். இவர்களில் பலர் அந்த விலங்கை உயிரோடு பார்த்ததில்லை. கிடைத்ததெல்லாம் தோல், எலும்பு, மாலுமிகள் சொன்ன கதை.

கருங்குரங்கின் பெயர் மட்டும் ஒரு நல்ல விதிவிலக்கு. ஜானியை என்ற அதன் அறிவியல் பெயர், தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்தோப் சாமுவேல் ஜானைக் குறிக்கிறது. தமிழ்நாட்டு உயிரினங்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தவர் அவர். மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் அவரே இருக்கிறார். இந்தக் கருங்குரங்கைத்தான் லேகியத்துக்காகச் சுட்டுத் தீர்த்தார்கள். அதன் இறைச்சியில் மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. 1972-இன் வனவிலங்குச் சட்டம் வந்து பாதுகாப்புக் கொடுத்திராவிட்டால் அந்தப் பளபளக்கும் கறுப்பை நாம் இன்று பார்த்திருக்க முடியாது.

மலாய் மொழி பேசும் நாடுகளில் வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்களுக்கு ஓராங் என்ற சொல் பழகியது. ஓராங் என்றால் ஆள். ஊத்தான் என்றால் காடு. காட்டாள் என்பதே ஒராங்குட்டான். பத்தாவியாவில் வாழ்ந்த டச்சு மருத்துவர் பொன்டியஸ் இந்தச் சொல்லைக் குறித்து வைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1658-இல் அது அச்சேறியது. இந்தக் காட்டாட்களுக்குப் பேசத் தெரியும், பேசினால் வேலை வாங்கிவிடுவார்கள் என்று பேசாமல் இருக்கின்றன என்று ஜாவாக்காரர்கள் சொன்னதாகவும் எழுதினார். போர்னியோவில் அந்த விலங்கோடு ஒரே காட்டில் வாழ்ந்த இபான் மக்கள் அதை மையாஸ் என்றே அழைத்தார்கள். ஐரோப்பியர்களோ மனிதச் சாயல் உள்ள எதைப் பார்த்தாலும் ஒராங்குட்டான் என்றார்கள். 1641-இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் டுல்ப், அங்கோலாவிலிருந்து வந்த ஓர் உயிரை அந்தப் பெயரில் விவரித்தார். 1699-இல் லண்டனில் எட்வர்ட் டைசன் ஓர் உடலை அறுத்துப் பார்த்து, மூளை முதல் தசை வரை ஒவ்வொன்றும் எவ்வளவு மனிதனோடு ஒத்துப்போகிறது, எவ்வளவு குரங்கோடு ஒத்துப்போகிறது என்று பட்டியல் போட்டார். புத்தகத்தின் தலைப்பில் ஒராங்குட்டான், காட்டுமனிதன், குள்ளன் என்ற மூன்று பெயரும் இருந்தன. உண்மையில் அது ஒரு சிம்பன்சிக் குட்டி. பெயர் குழம்பினாலும் வேலை அபாரமானது. ஒப்பீட்டு உடற்கூற்றியல் அந்தப் பட்டியலை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது.

நம் வானரமும் காட்டைத்தான் சொல்கிறது. வா நர என்று பிரித்து, இது மனிதனோ என்று வியப்பாகப் பொருள் சொல்வது கதைசொல்லிகளின் மரபு. மொழியியலாளர்கள் அதை வனம் என்ற சொல்லோடு சேர்ப்பார்கள். காட்டைச் சேர்ந்தது என்பது பொருள். மலாய்க்காரர்களின் காட்டாளுக்கும் டைசனின் காட்டுமனிதனுக்கும் இது பக்கத்து வீடு. தமிழின் குரங்கு வேறு குடும்பம். குரங்குதல் என்றால் வளைதல் என்று ஒரு பழைய வினைச்சொல் உண்டு. நிமிராமல் குனிந்து உட்காரும் அந்த முதுகைப் பார்த்துப் பெயர் வந்திருக்கும் என்று சொல்பவர்கள் அந்த வினையைச் சான்றாகக் காட்டுவார்கள்.

இன்றைய தமிழில் இந்த இடத்தில் இருப்பது மனிதக்குரங்கு என்ற சொல். ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனோபோ, கிப்பன் எல்லாம் இதற்குள் அடக்கம். வடகிழக்கில் வாழும் ஹூலக் கிப்பனைத் தவிர இந்தியாவில் இந்த இனம் இல்லை. அதனால் பழந்தமிழில் சொல்லும் இல்லை. சொல் நமக்கு வேண்டும்தான். ஆனால் அது ஒரு தவறான எண்ணத்தை விதைத்துவிட்டது. பாதி மனிதன், பாதி குரங்கு. குரங்கு மெல்ல நிமிர்ந்து மனிதனாக ஆகிக்கொண்டிருக்கும் வழியில் நின்றுபோன ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் கோயில் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது என்ற கேள்வி வகுப்பறைகளில் ஓயாமல் எழுவதும் இதனால்தான். நல்ல கேள்வி அது, அதற்கு நேரான பதில் இருக்கிறது. கோயில் குரங்கின் முன்னோரும் நம் முன்னோரும் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்தார்கள். அங்கிருந்து இரண்டு கிளை. நம் கிளையிலிருந்து ஒராங்குட்டானின் வழி சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. சிம்பன்சியின் வழி 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். சிம்பன்சியும் நாமும் அதே அளவு காலம் மாறிக்கொண்டே வந்தவர்கள். அது நமக்குப் பாட்டி ஆகாது, ஒன்றுவிட்ட அக்காள் தங்கை முறை.

இந்த இரண்டு கிளைக்கும் நடுவே வெளிப்படையான அடையாளம் வால். நம் ஊரில் வாலில்லாக் குரங்கு என்று சொல்வது உடற்கூற்றுப்படி மிகச் சரியான வர்ணனை. வால் எப்படிப் போனது என்பதற்கு 2024-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு விடை தந்தார்கள். கருவில் வால் உருவாவதில் பங்குள்ள டி.பி.எக்ஸ்.டி. என்னும் மரபணுவுக்கு நடுவே, இங்கும் அங்கும் தாவித் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும் ஆலு என்ற ஒரு துண்டு வந்து செருகிக்கொண்டது. வாலுள்ள குரங்குகளில் அந்தத் துண்டு அங்கே இல்லை. மனிதக்குரங்குகள் எல்லாவற்றிலும், நம்மிடமும், இருக்கிறது. அதன் விளைவாக அந்த மரபணுவின் புரதம் சில சமயம் ஒரு பகுதி குறைந்தே உருவாகிறது. எலிகளில் அந்தக் குறைந்த வடிவத்தை உண்டாக்கியபோது வால் குட்டையானது, அல்லது பிறக்கவே இல்லை. சில எலிகளுக்குத் தண்டுவடக் குறைபாடும் வந்தது. நம் முதுகின் அடியில் ஒட்டிக் கிடக்கும் வாலெலும்பு அந்தப் பழைய மாற்றத்தின் மிச்சம்.

கையைப் பார்த்தாலும் உறவு தெரியும். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் சரவெடி பின்னும் பெண்களின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? பெருவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் நேருக்கு நேர் சந்தித்துத் திரியைப் பிடிக்கும்; மற்ற விரல்கள் அதற்கு ஒதுங்கி இடம் கொடுக்கும். வேகமாகப் போகும்போது விரல் அசைவதே கண்ணில் நிற்காது. நகம் தட்டையாக இருப்பதும், விரல் நுனியில் ரேகை இருப்பதும், பெருவிரல் மற்ற விரல்களை எதிர்கொள்வதும் குரங்கினத்தின் பொதுச் சொத்து. நாட்டுக்குரங்கு கடலைப் பருப்பை இரண்டு விரலால் பொறுக்கும். மந்திக்கும் கருங்குரங்குக்கும் பெருவிரல் குட்டை, கிளையில் கொக்கி போட்டுத் தாவுவதற்கு ஏற்ற கை அது. நம் பெருவிரல் நீண்டது, அதனால் நுனியும் நுனியும் முழுதாகப் படியும். இத்தனை நுட்பமான கை, வெடிமருந்துக்கு இவ்வளவு அருகில் வேலை செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

மனிதச் சாயலுக்குப் பெயர் வைப்பதில் நம் புராணங்களும் அறிவியலுக்குள் நுழைந்திருக்கின்றன. இமயத்தின் அடிவாரமான சிவாலிக் குன்றுகளில் கிடைத்த புதைபடிவத்துக்கு 1910-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கய் பில்கிரிம் சிவாபிதிகஸ் என்று பெயரிட்டார். பிதிகஸ் என்றால் கிரேக்கத்தில் குரங்கு. 1930-களில் அமெரிக்கர் எட்வர்ட் லூயிஸ் அதே குன்றுகளில் கண்ட தாடைகளுக்கு ராமாபிதிகஸ், சுக்ரீவாபிதிகஸ், பிரமாபிதிகஸ் என்று வரிசையாகப் பெயர் வைத்தார். இவற்றில் ராமாபிதிகஸ் உலகப் புகழ் பெற்றது. மனிதக் கிளையின் முதல் உறுப்பினர் என்று 1960-களில் பெரிய அறிஞர்களே நம்பினார்கள். 1967-இல் சாரிச், வில்சன் என்ற இருவர் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன, அதைவிடப் பல மடங்கு பழைய ராமாபிதிகஸ் மனிதக் கிளையில் இருக்க வழியே இல்லை என்றார்கள். எலும்பு ஆராய்ச்சியாளர்கள் முதலில் ஏற்கவில்லை. பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமியில் சிவாபிதிகஸின் முகம் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்து, 1982-இல் டேவிட் பில்பீம் அதை வெளியிட்டதும் வாதம் முடிந்தது. நெருங்கிய கண்குழிகள், குழிந்த முகம். அது ஒராங்குட்டானின் உறவினர். ராமாபிதிகஸ் என்பதே சிவாபிதிகஸின் சிறிய உருவம்தான் என்று பெயரையும் கலைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் நெடுநாள், நாடு முழுவதும் படிக்கப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் ராமாபிதிகஸ் மனிதனுக்கு நெருக்கமானது என்ற வரி இருந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். இப்படிப்பட்ட வரிகளைத் திருத்துவதில் நாம் காட்டும் தாமதம் எனக்கு வருத்தம் தருகிறது.

மீண்டும் மரபியல். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்து, மனிதன் ஆறறிவு என்று சொன்ன நூல், விலங்குகளில் சிலவும் அந்த வகையில் உண்டு என்று பிறர் சொல்வர் எனவும் ஒரு வாசல் திறந்து வைக்கிறது. எந்த விலங்கு என்று நூலில் இல்லை. இளம்பூரணர் தம் உரையில் கிளி, குரங்கு, யானை என்று மூன்றைச் சொல்கிறார். விலங்குகளின் அறிவை ஆராயும் துறை கடந்த அரை நூற்றாண்டில் அதிகம் பேசிய விலங்குகளில் இந்த மூன்றும் உண்டு. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்த அலெக்ஸ் என்ற கிளி, நிறத்தையும் வடிவத்தையும் பெயர் சொல்லிப் பிரித்தது, ஆறு வரை எண்ணிக்கை சொன்னது. நியூயார்க் விலங்குக்காட்சிச் சாலையின் யானை ஒன்று 2006-இல் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று கண்டுகொண்டது. கண்ணாடிச் சோதனையில் சிம்பன்சியும் ஒராங்குட்டானும் தேறுகின்றன, வாலுள்ள குரங்குகள் பெரும்பாலும் தேறுவதில்லை.

ஆனால் அறிவு என்பது கண்ணாடிக்கு முன்னால் மட்டும் இல்லை. பந்திப்பூரின் சாலையோர நாட்டுக்குரங்குகளை அனிந்தியா சின்ஹாவும் அவரோடு பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்தவர்களும் பல காலம் கவனித்து 2018-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கூட்டத்தில் ஒன்றையொன்று அழைக்க இந்தக் குரங்குகள் கூ என்று மெல்லிய ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரலை அங்கே சில குரங்குகள் மனிதர்களை நோக்கிக் கொடுக்கின்றன. கையை நீட்டுகின்றன. அதுவும் உணவு வைத்திருக்கும் ஆளைப் பார்த்து, அந்த ஆள் கவனிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்து. கொடுக்காவிட்டால் திரும்பக் கேட்கின்றன, கிடைத்ததும் நிறுத்துகின்றன. இந்தப் பழக்கம் பிறவியிலேயே வந்ததாகத் தெரியவில்லை. சாலையில் நின்று பிஸ்கட் வீசும் நம்மோடு பழகிக் கற்றுக்கொண்டதாக இருக்கலாம்.